அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு ஆய்வாளர்கள்: குடிவரவு விதிகள் எங்கே இடறுகின்றன?

2025 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப் கையெழுத்திட்ட ஒரு பிரகடனம், அந்நாட்டுக்கு வெளியே இருப்பவருக்காகத் தாக்கல் செய்யப்படும் புதிய எச்-1பி (சிறப்புத் துறைப் பணியாளருக்கான விசா வகை) மனு ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அறிவித்தது. பெரும்பாலோர் இதை மென்பொருள் நிறுவனங்களின் தலைவலியாகவே பார்த்தனர். ஆண்டுதோறும் எச்-1பி-க்கு ஆள்களைத் தேரும் லாட்டரியிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு விலக்கு இருப்பதால் இந்தக் கட்டணத்திலிருந்தும் விலக்கு இருக்கும் என்று நினைத்தவர்களும் உண்டு. பிரகடனத்தில் பல்கலைக்கழகங்களுக்கென்று பொது விலக்கு எதுவும் இல்லை.

இந்தக் குழப்பம் புதியதன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒரு வெளிநாட்டு ஆய்வாளரைப் பணியமர்த்தும்போது என்னென்ன சட்டப் பொறுப்புகளை ஏற்கிறது என்பது, அங்கே வேலை பார்ப்பவர்களுக்கே முழுமையாகத் தெரிவதில்லை. மனுவில் உறுதிமொழி தந்து கையெழுத்திடுவது சர்வதேச அலுவலகம். அந்த உறுதிமொழி மீறப்படுவது பெரும்பாலும் துறைத் தலைவரின் அறையிலோ ஆய்வகத்திலோ, யாரும் கெட்ட எண்ணத்துடன் எடுக்காத ஒரு சாதாரண முடிவினால்தான். அது எப்படி நிகழ்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

விசா வேறு, தங்கும் அனுமதி வேறு

கடவுச்சீட்டில் ஒட்டப்படும் விசா, அமெரிக்க எல்லைக்கு வந்து நுழைவு கேட்பதற்கான சீட்டு மட்டுமே. அதைத் தருவது வெளியுறவுத் துறையின் கீழ் இயங்கும் தூதரகம். உள்ளே நுழைந்த பிறகு ஒருவர் எந்த வகையில், எந்த நாள் வரை தங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது ஐ-94 எனப்படும் நுழைவுப் பதிவு. வளாகத்தில் 'ஸ்டேட்டஸ்' என்று சொல்வது இதைத்தான். விசா காலாவதியாகிவிட்டாலும் ஐ-94 செல்லுபடியாகும் வரை ஒருவர் சட்டப்படி தங்கி வேலை செய்யலாம். விசா பத்தாண்டுக்குச் செல்லும் என்றாலும் ஐ-94 முடிந்துவிட்டால் தங்க முடியாது.

மூன்றாவதாக வேலை செய்யும் உரிமை இருக்கிறது. எச்-1பி, பரிமாற்ற ஆய்வாளருக்கான ஜே-1 ஆகியவற்றில் இந்த உரிமை குறிப்பிட்ட நிறுவனத்தோடும் குறிப்பிட்ட பணியோடும் கட்டப்பட்டது. மாணவர்களுக்கான பணிப் பயிற்சியான ஓ.பி.டி.யில் உள்ள மாணவரிடமும், எச்-1பி ஊழியரின் துணையாக எச்-4 வகையில் வந்த இணையர் சிலரிடமும் இருக்கும் பணி அனுமதி அட்டை அப்படிப்பட்டதன்று. ஒருவர் நாட்டில் சட்டப்படி இருப்பதாலேயே இந்த ஆய்வகத்தில் சம்பளம் வாங்கத் தகுதி பெற்றுவிட மாட்டார். பேராசிரியர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது.

ஒரே பல்கலைக்கழகம், பல எசமானர்கள்

1. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை: எச்-1பி மனுக்களையும் அசாதாரணத் திறனாளருக்கான ஓ-1 மனுக்களையும் ஆராய்ந்து ஒப்புதல் தருவது இதன் கீழுள்ள குடியுரிமை, குடிவரவுச் சேவைப் பிரிவான யு.எஸ்.சி.ஐ.எஸ். மாணவர், பரிமாற்ற ஆய்வாளர் ஆகியோரின் விவரங்களைப் பதியும் செவிஸ் தரவுத்தளமும், பணி உரிமையைச் சரிபார்க்கும் ஐ-9 படிவங்களின் ஆய்வும் இதன் இன்னொரு பிரிவான, குடிவரவு, சுங்கச் சட்டங்களை அமலாக்கும் ஐ.சி.இ.யிடம் உள்ளன.

2. தொழிலாளர் துறை: எச்-1பி ஊழியருக்குத் தரவேண்டிய சம்பளம், பணி நிலைமை, அவற்றுக்கான ஆவணங்கள். கிரீன் கார்டுக்கான தொழிலாளர் சான்றும் இங்கேதான்.

3. வெளியுறவுத் துறை: ஜே-1 திட்டத்தை நடத்தப் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் தருவதும் அதைப் பறிப்பதும்.

4. நீதித் துறை: வெளிநாட்டவர் என்பதற்காகவோ பிறந்த நாட்டுக்காகவோ பணியமர்த்தலில் பாகுபாடு காட்டினால் விசாரிப்பது.

5. வணிகத் துறை: ஆய்வகத் தொழில்நுட்பம் வெளிநாட்டவர் கையில் போய்ச் சேர்வது பற்றிய ஏற்றுமதி விதிகள்.

இவற்றுள் ஒரு துறைக்குச் சரியாக நடந்துகொள்வது இன்னொரு துறையிடம் குற்றமாகிவிடக்கூடும். வேலை செய்ய உரிமை உள்ளவரா என்று சரிபார்க்கச் சொல்கிறது ஒரு சட்டம். அளவுக்கு மீறிச் சரிபார்த்தால் பாகுபாடு என்கிறது இன்னொன்று. ஐ-9 படிவத்தில் இந்த இழுபறியைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

ஐ-9: எல்லோருக்கும் உரிய படிவம்

1986-ஆம் ஆண்டின் குடிவரவுச் சீர்திருத்தச் சட்டத்திலிருந்து, அமெரிக்காவில் புதிதாக வேலையில் சேரும் ஒவ்வொருவருக்கும், அவர் அமெரிக்கக் குடிமகனாகவே இருந்தாலும், ஐ-9 நிரப்பப்பட வேண்டும். முதல் பகுதியை ஊழியர் தம் பணியின் முதல் நாளுக்குள் நிரப்பவேண்டும். இரண்டாம் பகுதியை நிறுவனம் அடுத்த மூன்று வேலை நாள்களுக்குள், மூல ஆவணங்களைப் பார்த்து நிரப்பவேண்டும். திங்கட்கிழமை சேர்ந்தவருக்கு வியாழக்கிழமை கடைசி நாள். ஊழியரின் பணி உரிமையை அரசுப் பதிவுகளோடு இணையவழியில் ஒப்பிடும் மின்-சரிபார்ப்பு (இ-வெரிஃபை) முறையில் பதிவு செய்து, நல்ல நிலையில் இருக்கும் நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் காணொளி வழியாகவும் ஆவணங்களைப் பார்க்கலாம்.

எந்த ஆவணத்தைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ஊழியருடையது. படிவத்தோடு உள்ள பட்டியலிலிருந்து அடையாளத்தையும் பணி உரிமையையும் சேர்த்து நிறுவும் ஓர் ஆவணத்தை அவர் தரலாம். அல்லது இரண்டையும் தனித்தனியே நிறுவும் இரண்டு ஆவணங்களைத் தரலாம். ஒருவரின் பெயர் அயல்நாட்டுப் பெயராக ஒலிக்கிறது என்பதற்காக 'உங்கள் கிரீன் கார்டைக் காட்டுங்கள்' என்று மனிதவளப் பிரிவு அவரிடம் கேட்டால், அதுவே சட்டமீறல். ஓட்டுநர் உரிமமும் கட்டுப்பாட்டுக் குறிப்பில்லாத சமூகப் பாதுகாப்பு அட்டையும் அவர் நீட்டினால் அவற்றை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கிரீன் கார்டின் காலாவதித் தேதி வந்துவிட்டது என்று மறுபடி ஆவணம் கேட்பதும் கூடாது. அந்த அட்டை காலாவதியாவதால் நிரந்தர வசிப்புரிமை காலாவதியாவதில்லை.

மறுபுறம், எச்-1பி, ஜே-1 ஊழியர்களுக்கும் பணி அனுமதி அட்டை வைத்திருப்பவர்களுக்கும், அனுமதி முடியும் நாளுக்குள் மறுசரிபார்ப்பு நடந்தே ஆகவேண்டும். எச்-1பி நீட்டிப்பு மனு காலத்துக்குள் தாக்கலாகியிருந்தால், முடிவு வராவிட்டாலும் அதே நிறுவனத்தில் 240 நாள் வரை வேலையைத் தொடரலாம். அந்தச் சலுகையை ஐ-9-இன் கூடுதல் தகவல் கட்டத்தில் '240 நாள் நீட்டிப்பு' என்று தேதியோடு குறித்துவைக்க வேண்டும். பணி அனுமதி அட்டை வைத்திருப்போர் நிலை 2025-இல் கடினமாகியது. அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்த பல பிரிவினருக்கு 540 நாள் வரை தானாகக் கிடைத்துவந்த நீட்டிப்பு, அக்டோபர் 30, 2025 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு நிறுத்தப்பட்டது. எச்-4 அட்டையில் நூலகத்திலோ ஆய்வகத்திலோ வேலை பார்க்கும் ஒருவர், புதிய அட்டை கைக்கு வராவிட்டால், பழைய அட்டை முடியும் நாளன்று எழுந்து போகத்தான் வேண்டும். மேலதிகாரியின் இரக்கத்துக்கு இதில் இடமில்லை.

ஐ.சி.இ. ஆய்வு அறிவிப்பு கொடுத்தால் படிவங்களை ஒப்படைக்க வழக்கமாகக் கிடைப்பது மூன்று வேலை நாள். வேலையில் சேர்ந்து மூன்றாண்டு, வேலையை விட்டு ஓராண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை படிவம் இருக்கவேண்டும். அபராதம் படிவம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால், ஆயிரக்கணக்கான மாணவ ஊழியர்கள் உள்ள வளாகத்தில் சிறு கவனக்குறைவு பெருந்தொகையாக வளரும்.

எச்-1பி: நான்கு வாக்குறுதிகளும் ஒரு கோப்பும்

எச்-1பி 1990-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் பிறந்தது. ஆண்டுக்கு 65,000 பேர், அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000 பேர் என்ற உச்சவரம்புக்குள் லாட்டரி நடக்கிறது. உயர்கல்வி நிறுவனங்கள், அவற்றோடு இணைந்த இலாப நோக்கற்ற அமைப்புகள், இலாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்கள், அரசு ஆய்வு நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு 2000-ஆம் ஆண்டின் சட்டம் இந்த உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்தது. அதனால் பல்கலைக்கழகம் ஆண்டின் எந்த மாதத்திலும் மனு போடலாம். இந்த விலக்கு வேலைக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. ஐந்தாண்டு போஸ்ட்டாக்காக (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வாளராக) வேலை பார்த்தவர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு மாற விரும்பினால், முன்பு ஒருபோதும் லாட்டரியில் தேறாதவராக இருந்தால், அவரும் வரிசையில் நிற்கவேண்டியதுதான்.

மனுவுக்கு முந்தைய படி, தொழிலாளர் துறையிடம் தரும் தொழிலாளர் நிபந்தனை விண்ணப்பம். அதில் பல்கலைக்கழகம் நான்கு வாக்குறுதிகள் தருகிறது:

1. அதே பணியிடத்தில் ஒத்த தகுதியுள்ளவர்களுக்குத் தரும் சம்பளம், அந்த வட்டாரத்தில் நிலவும் சம்பளம், இவ்விரண்டில் எது அதிகமோ அதற்குக் குறையாமல் தருவது.

2. இவரது நியமனம் உடன் பணிபுரிவோரின் பணி நிலைமையைக் கெடுக்காது என்பது.

3. அந்தப் பணியில் வேலைநிறுத்தமோ கதவடைப்போ இல்லை என்பது.

4. ஊழியர்களுக்கு முன்னறிவிப்பு தருவது. சங்கம் இருந்தால் சங்கத்துக்கு. இல்லையென்றால் பணியிடத்தில் கண்ணில் படும் இரண்டு இடங்களில் பத்து நாள் ஒட்டிவைப்பது அல்லது மின்வழியில் அறிவிப்பது.

துறை அலுவலகத்தின் காபி இயந்திரத்துக்கு மேலே, பெயர் இல்லாமல் பதவியும் சம்பளமும் மட்டும் அச்சிட்ட ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் இந்த நான்காவது வாக்குறுதிதான். எந்தத் தேதியில் ஒட்டப்பட்டது, எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்ற குறிப்பு, விண்ணப்பத்தின் நகல், சம்பளம் கணக்கிடப்பட்ட முறை ஆகியவற்றோடு பொதுப் பார்வைக் கோப்பு ஒன்றில் சேரவேண்டும். விண்ணப்பம் தாக்கலான ஒரு வேலை நாளுக்குள் அந்தக் கோப்பு தயாராக இருக்கவேண்டும். அதைப் பார்க்க எவரும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

முதல் வாக்குறுதியில் உரசல் அதிகம். பேராசிரியர் தம் ஆய்வு நிதிக் கோரிக்கையில் போஸ்ட்டாக் சம்பளத்தைத் தேசிய சுகாதார நிறுவனத்தின் அளவுகோலைப் பார்த்து எழுதுகிறார். 2024-இல் முதலாண்டு போஸ்ட்டாக்குக்கு அந்த அளவுகோல் 61,008 டாலர். ஆனால் நிலவும் சம்பளம் பதவியையும் வட்டாரத்தையும் பொறுத்து நான்கு மட்டங்களில் கணக்கிடப்படுவது. உயர்கல்வி நிறுவனங்களை உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களோடு மட்டுமே ஒப்பிடும் தனி அட்டவணை இருந்தாலும், செலவு மிகுந்த நகரங்களில் அந்தத் தொகை நிதிக் கோரிக்கையில் எழுதியதைத் தாண்டிவிடலாம். அப்போது ஆளை ஜே-1-இல் அழைப்பது, சம்பளத்தைக் கூட்டுவது, நியமனத்தைக் கைவிடுவது என்று மூன்று வழிகள்தாம் மிஞ்சும்.

ஒப்புதல் கிடைத்த பிறகு வரும் சிக்கல்கள் இன்னும் நுட்பமானவை. கீழ்க்காணும் எதுவும் துறையில் ஒரு மின்னஞ்சலோடு முடிந்துவிடக்கூடியது; ஆனால் குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் ஒவ்வொன்றும் தனி நிகழ்வு.

1. இடமாற்றம். பணியிடம் அதே பெருநகரப் பகுதிக்கு வெளியே மாறினால், மாறுவதற்கு முன்பே திருத்த மனு தாக்கல் செய்யவேண்டும் என்று 2015-இல் சிமியோ வழக்கின் முடிவு தெளிவாக்கியது. இன்னொரு மாநிலத்தில் உள்ள வீட்டிலிருந்து தரவுகளை ஆராய்கிறேன் என்று ஆய்வாளர் கேட்டு, பேராசிரியர் 'தாராளமாக' என்று பதில் எழுதினால், அந்த வீடு பணியிடமாகிவிடுகிறது.

2. நேரக் குறைப்பு. முழுநேரம் என்று சொல்லிப் பெற்ற அனுமதியை அரைநேரமாக்கினால் திருத்த மனு வேண்டும்.

3. சம்பளமில்லா இடைவெளி. பழைய நிதி மார்ச்சில் முடிகிறது, புதியது ஜூனில் வரும், இடையில் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்வது ஆய்வகங்களில் சகஜம். எச்-1பி ஊழியரிடம் அப்படிச் சொல்ல முடியாது. வேலை தர முடியாதது நிறுவனத்தின் காரணத்தால் என்றால் சம்பளம் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஊழியர் தம் சொந்தக் காரணத்துக்காக விடுப்பு எடுத்தால் மட்டுமே விலக்கு.

4. பணியின் தன்மை மாறுவது. ஆய்வுக்கு என்று வந்தவரைப் பாடம் நடத்தும் விரிவுரையாளராகவோ கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் மேலாளராகவோ மாற்றுவது.

5. பக்க வருமானம். அடுத்த ஊர்க் கல்லூரியில் மாலை வகுப்பு எடுத்துச் சம்பளம் பெற, அந்தக் கல்லூரியும் தனி மனு தாக்கல் செய்திருக்கவேண்டும்.

கட்டணத்தை யார் செலுத்துவது என்பதும் விதிக்குள் அடங்கும். எச்-1பி மனுவுக்கான வழக்கறிஞர் செலவும் அரசுக் கட்டணமும் நிறுவனத்தின் தொழில் செலவு; அதை ஊழியர் தலையில் கட்டி, அதனால் அவர் சம்பளம் சட்டம் கேட்கும் தொகைக்குக் கீழே இறங்கினால் மீறலாகும். மேரிலாந்து மாநிலத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி பள்ளிக் கல்வி நிர்வாகம் 2011-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு 42 லட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தர நேர்ந்தது. இரண்டாண்டு புதிய மனு போடவும் தடை பெற்றது. அது பல்கலைக்கழகம் அன்று, ஆனால் விதி ஒன்றே. 'விசா செலவை நீயே பார்த்துக்கொள்' என்று துறை சொல்லும் இடங்களில் இந்த வழக்கை நினைவூட்டுவது தவறாகாது.

2025 ஜனவரி 17 முதல் நடப்பிலுள்ள புதிய எச்-1பி ஒழுங்குவிதி, அதிகாரிகள் பணியிடத்துக்கு நேரில் வந்து பார்க்கும் அதிகாரத்தை எழுத்தில் உறுதிப்படுத்தியது. ஒத்துழைக்க மறுத்தால் மனு நிராகரிக்கப்படலாம், ஒப்புதலும் ரத்தாகலாம். வருபவர் கேட்பது எளிய கேள்விகள்தாம்: இவர் என்ன வேலை செய்கிறார், எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு, யாரிடம் பொறுப்பு. பேராசிரியரின் பதிலும் மனுவில் எழுதியதும் ஒத்துப்போக வேண்டும். அந்த மனுவைப் பேராசிரியர் ஒருமுறையாவது படித்திருக்கிறாரா என்பதுதான் பல இடங்களில் சந்தேகம்.

ஜே-1: விருந்தினரை அழைத்தவரின் பொறுப்பு

ஜே-1 வேலை விசாவாக உருவாக்கப்பட்டதன்று. 1961-ஆம் ஆண்டின் கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டத்தின் வழியில் வந்தது. பல்கலைக்கழகம் இங்கே மனுதாரராக இல்லாமல் வெளியுறவுத் துறையின் அங்கீகாரம் பெற்ற ஆதரவாளராக நிற்கிறது. ஜே-1 விசாவுக்கு அடிப்படையான டிஎஸ்-2019 படிவத்தைத் தானே வழங்குகிறது. இதனால் வேகம் அதிகம், பொறுப்பும் அதிகம். ஆய்வாளருக்குப் போதிய ஆங்கிலம் தெரியும் என்பதைச் சரிபார்க்கவேண்டும். திட்டம் தொடங்கி 30 நாளுக்குள் அவர் வந்துவிட்டதை செவிஸில் உறுதிசெய்யவேண்டும். நோய் அல்லது விபத்து ஒன்றுக்குக் குறைந்தது ஒரு லட்சம் டாலர் மருத்துவக் காப்பீடு இருப்பதைக் கவனிக்கவேண்டும். இடம், பணி மாற்றங்களை முன்கூட்டியே பதிய வேண்டும். இன்னொரு பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவுக்குப் பணம் வாங்குவதானாலும் ஜே-1 திட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் கவனிக்கும் பொறுப்பு அலுவலரின் எழுத்து அனுமதி முதலில் வேண்டும்.

நம் ஆய்வாளர்கள் அதிகம் குழப்பிக்கொள்ளும் இரண்டு தடைகள் இங்கே உள்ளன; அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை.

1. 24 மாதத் தடை. ஆய்வறிஞர் அல்லது பேராசிரியர் பிரிவில் வந்தவர் அதிகபட்சம் ஐந்தாண்டு தங்கலாம். ஆனால் ஆறே மாதத்தில் திட்டத்தை முடித்துக்கொண்டு திரும்பினாலும், அடுத்த 24 மாதங்களுக்கு அதே பிரிவுகளில் திரும்பி வர முடியாது. மீதமுள்ள நாலரை ஆண்டு கணக்கில் கிடக்காது. இந்தத் தடை எச்-1பி-யைத் தடுப்பதில்லை.

2. இரண்டாண்டுத் தாயக வசிப்பு நிபந்தனை. அரசு நிதியில் வந்தவர், தம் நாட்டுக்குத் தேவையான திறன்கள் என்று வெளியுறவுத் துறை வகுத்த திறன் பட்டியலில் உள்ள துறையைச் சேர்ந்தவர், மருத்துவப் பயிற்சிக்கு வந்தவர் ஆகியோருக்கு உரியது. இரண்டாண்டு தாயகத்தில் வசிக்கும் வரை அல்லது விலக்குப் பெறும் வரை எச்-1பி-யோ கிரீன் கார்டோ கிடைக்காது.

திறன் பட்டியல் 2024 டிசம்பர் 9 அன்று திருத்தப்பட்டபோது இந்தியா அதிலிருந்து நீக்கப்பட்டது. அந்தத் திருத்தம் முன்பே வந்தவர்களுக்கும் பொருந்தும். பட்டியலால் மட்டுமே கட்டுப்பட்டிருந்த இந்திய ஆய்வாளர்களுக்கு இது பெரிய விடுதலை. ஃபுல்பிரைட் போன்ற அரசு நிதியில் வந்தவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் நிபந்தனை அப்படியே நீடிக்கிறது.

இன்னொரு வரம்பு: ஜே-1 ஆய்வறிஞரை நிரந்தரப் பேராசிரியர் பணிக்கு இட்டுச்செல்லும் டென்யூர் டிராக் பதவிக்கு வேட்பாளராக நியமிக்க முடியாது. அந்த முடிவு வந்ததுமே வேறு வகைக்கு மாற்றத் தொடங்கவேண்டும்.

ஓ.பி.டி.யும் கௌரவ ஊதியமும்

எஃப்-1 மாணவருக்குப் படிப்புக்குப் பின் 12 மாத ஓ.பி.டி., அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளில் மேலும் 24 மாதம். இந்த 24 மாத நீட்டிப்பில் உள்ளவரைப் பணியமர்த்த, பல்கலைக்கழகம் மின்-சரிபார்ப்பு முறையில் சேர்ந்திருக்க வேண்டும்; ஐ-983 என்ற பயிற்சித் திட்டத்தில் பேராசிரியர் கையெழுத்திட வேண்டும்; மாணவர் வேலையை விட்டால் ஐந்து வேலை நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். சம்பளமில்லாத் தன்னார்வப் பணி இந்த நீட்டிப்பில் செல்லாது.

குறுகிய கால அலுவல் விசாவான பி-1-இல் கருத்தரங்கில் பேச வரும் பார்வையாளருக்குக் கௌரவ ஊதியம் தரலாமா என்று கேட்பவர்களுக்கு 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பதில் வைத்திருக்கிறது: ஒரு நிறுவனத்தில் ஒன்பது நாளுக்கு மேற்படாமல், ஆறு மாதத்தில் ஐந்து நிறுவனங்களுக்கு மேற்படாமல்.

ஆய்வகத்துக்குள்ளேயே ஏற்றுமதி

கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்பத் தகவலை அமெரிக்க மண்ணிலேயே ஒரு வெளிநாட்டவருக்குத் தெரியப்படுத்துவதும், அவரது நாட்டுக்கே ஏற்றுமதி செய்ததாகக் கருதப்படும். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இது பொருந்தாது. எச்-1பி-க்கும் ஓ-1-க்கும் பயன்படும் ஐ-129 படிவத்தில், இந்த ஆய்வாளருக்கு ஏற்றுமதி உரிமம் தேவையா இல்லையா என்று 2011 முதல் பல்கலைக்கழகம் சான்றளித்தாக வேண்டும். தடையின்றி வெளியிடப்படும் அடிப்படை ஆய்வுக்கு விலக்கு உண்டு. 1985-இல் வகுக்கப்பட்ட கொள்கையிலிருந்து அது வருகிறது. நிதி தரும் நிறுவனம் 'வெளியிடுமுன் எங்கள் ஒப்புதல் வேண்டும்' என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தால் அந்த விலக்கு கைநழுவும். ஒப்பந்தத்தைப் படிப்பது நிதிப் பிரிவு, படிவத்தில் சான்றளிப்பது சர்வதேச அலுவலகம். இரண்டும் ஒன்றோடொன்று பேசாத வளாகத்தில் அந்தச் சான்று வெறும் ஊகமே.

ஒரு லட்சம் டாலர் எதை மாற்றியது

பிரகடனம் 2025 செப்டம்பர் 21 முதல் 12 மாதங்களுக்கு என்று அறிவிக்கப்பட்டது. யு.எஸ்.சி.ஐ.எஸ். அக்டோபர் 20 அன்று வெளியிட்ட விளக்கத்தின் சாரம் இது:

1. ஆள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்து, செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லாதவராக இருந்தால் புதிய மனுவுக்குக் கட்டணம் உண்டு.

2. உள்ளே இருப்பவருக்கு நிலை மாற்றமோ நீட்டிப்போ கேட்டு, அது ஏற்கப்பட்டால் கட்டணம் இல்லை. எஃப்-1-இலிருந்து எச்-1பி-க்கு மாறுபவர் இதில் அடங்குவார்.

3. நிலை மாற்றத்துக்குத் தகுதியில்லை என்று தீர்மானிக்கப்பட்டாலோ, முடிவு வருமுன் அவர் நாட்டைவிட்டு வெளியேறினாலோ கட்டணம் கட்டியாக வேண்டும்.

4. விலக்கு மிக அரிதான சூழலில் மட்டுமே, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலரின் முடிவின்படி.

மூன்றாவது அம்சத்தில்தான் பழைய பழக்கங்கள் உடைகின்றன. முன்பு, தங்கும் காலத்தில் சிறு இடைவெளி விழுந்துவிட்டால், அலுவலகம் சொல்லும் தீர்வு எளிது: மனுவைத் தூதரக வழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஊருக்குப் போய் விசா வாங்கிவந்து புதிதாக நுழையுங்கள். தாமதமாக வந்த ஒரு படிவம், மறந்துபோன ஒரு தேதி ஆகியவற்றின் விலை ஒரு விமானச் சீட்டாக இருந்தது. இப்போது அதே தவறு ஒரு லட்சம் டாலர் கேட்கிறது. ஆண்டுக்கு அறுபதாயிரத்துச் சொச்சம் சம்பளம் தரும் ஆய்வு நிதி எதுவும் அதைத் தாங்காது. அமெரிக்க வணிகச் சபையும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கமும் சேர்ந்து தொடுத்த வழக்கில், 2025 டிசம்பரில் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. டெக்சாஸ் ஆளுநர் 2026 ஜனவரியில், மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் அனுமதியின்றிப் புதிய எச்-1பி மனு போடுவதையே 2027 மே 31 வரை நிறுத்திவைத்தார்.

இதன் விளைவாக நியமனக் குழுக்களின் கண், ஏற்கெனவே அமெரிக்காவில் உள்ள வேட்பாளர் பக்கம் சாய்கிறது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து நேரடியாக விண்ணப்பிக்கும் முனைவர், ஜே-1-இல் வந்தால்தான் உண்டு என்ற நிலை உருவாகிறது. எனவே அவருக்கு ஜே-1-இன் தடைகள் மேலும் முக்கியமாகின்றன.

சென்னையில் மாட்டிக்கொண்டால்

2025 செப்டம்பரிலிருந்து நேர்காணல் விலக்கு பெரும்பாலும் நீக்கப்பட்டது. விசாவுக்குத் தம் சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்கவேண்டும் என்றும் வெளியுறவுத் துறை அறிவித்தது. டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளும் ஆராயப்படுகின்றன. இந்தியத் தூதரகங்களில் டிசம்பருக்குக் குறித்திருந்த பல நேர்காணல்கள் பல மாதம் தள்ளிப்போயின. விடுமுறைக்கு ஊருக்கு வந்து கடவுச்சீட்டில் புதிய விசா ஒட்டும் 'ஸ்டாம்பிங்' முடித்துத் திரும்ப நினைத்தவர்கள் பருவத் தொடக்கத்தில் வகுப்பில் இல்லை.

அப்போது எழும் கேள்வி, சென்னையிலிருந்தே இணையவழியில் பாடம் நடத்தலாமா என்பது. எச்-1பி விதிகள் அமெரிக்காவுக்கு வெளியே செய்யும் வேலையைத் தொடுவதில்லை. ஆனால் இந்தியாவில் இருந்து ஈட்டும் சம்பளத்துக்கு இந்திய வரி, கட்டுப்படுத்தப்பட்ட தரவுகளை வெளிநாட்டிலிருந்து திறப்பதற்கு ஏற்றுமதி விதி, மருத்துவக் காப்பீடு செல்லுமா என்ற ஐயம் ஆகிய மூன்றும் உடனே வந்து நிற்கும். துறைத் தலைவர் தனியே சம்மதிக்கக்கூடிய விஷயம் இல்லை இது.

வேலை முடியும்போது

ஒப்பந்தக் காலத்துக்கு முன்பே எச்-1பி ஊழியரைப் பல்கலைக்கழகம் நீக்கினால் மூன்று செயல்கள் நடக்கவேண்டும்: ஊழியருக்குத் தெளிவான அறிவிப்பு, யு.எஸ்.சி.ஐ.எஸ்.-க்குத் தகவல், தாயகம் திரும்ப நியாயமான பயணச் செலவு தர முன்வருவது. இவற்றை நிறைவேற்றாவிட்டால், வேலையில் இல்லாதவருக்கும் சம்பளப் பாக்கி சேரக்கூடும். ஊழியருக்கு, 2017 ஜனவரி முதலான விதிப்படி, 60 நாள் வரை அல்லது ஐ-94 முடியும் வரை, எது முந்தியதோ அதுவரை, வேறு வழி தேட அவகாசம் உண்டு. இந்த 60 நாளில் வேலை செய்ய முடியாது. இன்னொரு பல்கலைக்கழகம் இதற்குள் மனு தாக்கல் செய்துவிட்டால், ஒப்புதலுக்குக் காத்திராமல் அங்கே சேரலாம்.

கிரீன் கார்டும் 18 மாதக் கணக்கும்

வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்குத் தொழிலாளர் சான்றில் ஒரு தனிச் சலுகை உண்டு. மற்ற நிறுவனங்கள், குறைந்தபட்சத் தகுதியுள்ள அமெரிக்கர் எவருமில்லை என்று காட்டவேண்டும். கல்லூரி ஆசிரியருக்கோ, விண்ணப்பித்தவர்களில் இவரே அதிகத் தகுதியுள்ளவர் என்று காட்டினால் போதும். இதற்கு, தேர்வு செய்யப்பட்ட நாளிலிருந்து 18 மாதத்துக்குள் விண்ணப்பம் போகவேண்டும்; நியமன விளம்பரம் தேசிய அளவிலான தொழில்முறை இதழ் ஒன்றில் வந்திருக்கவேண்டும். விளம்பரம் கொடுத்த நாளில் யார் தேர்வாவார் என்று குழுவுக்குத் தெரியாது. வேலைப் பட்டியல் தளம் ஒன்றில் மட்டும் போட்டு, இதழில் போடாமல் விட்டால், இரண்டாண்டு கழித்து அந்த ஆசிரியருக்காக முழு ஆள்தேர்வையும் மறுபடி நடத்த நேரிடும். தொழிலாளர் சான்றுக்கான விளம்பர, வழக்கறிஞர் செலவை 2007 முதல் நிறுவனமே ஏற்கவேண்டும்.

பாடம் நடத்தாத ஆய்வாளருக்கு இந்தச் சலுகை இல்லை. அவருக்குச் சிறந்த ஆய்வாளர் பிரிவு, தேசிய நல விலக்கு போன்ற வழிகள். எந்த வழியானாலும், நாட்டுக்கு ஏழு விழுக்காடு என்ற வரம்பால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வரிசை நீளம். எச்-1பி-யின் ஆறாண்டைத் தாண்டித் தங்க, தொழிலாளர் சான்று விண்ணப்பம் ஓராண்டுக்கு முன்பே தாக்கலாகியிருக்க வேண்டும் அல்லது கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டுத் தொடக்கத்தில் பேச்சை எடுக்காத துறை, ஆறாம் ஆண்டில் எடுத்தால் பெரும்பாலும் பயனில்லை.

ஆய்வாளர் கேட்டுப் பெறவேண்டியவை

பல்கலைக்கழகத்தின் குடிவரவு வழக்கறிஞர் முதலில் பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர் என்பதை மறக்கக்கூடாது. இருவர் நலனும் பிரியும் இடத்தில், உதாரணமாக நீக்கத்தின்போது, தனி ஆலோசனை தேவைப்படும். அதற்கு ஆதாரமாக, பணியில் சேரும் நாளிலேயே தொழிலாளர் நிபந்தனை விண்ணப்பத்தின் நகலை வாங்கிவைக்க வேண்டும். அதைத் தருவது பல்கலைக்கழகத்தின் கடமை, சலுகை அன்று. ஒப்புதல் அறிவிப்பின் நகலையும், மனுவில் தம் பணியை விவரித்த கடிதத்தையும் கேட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு முறை நாட்டுக்குள் நுழைந்ததும் ஐ-94-ஐ இணையத்தில் திறந்து தேதியைச் சரிபார்க்க வேண்டும். கடவுச்சீட்டு முன்கூட்டியே காலாவதியானால் அந்தத் தேதியோடு ஐ-94-ஐ வெட்டிவிடுவது உண்டு. வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரி மாற்றத்தை அரசுக்குத் தெரிவிக்கவேண்டும். வேலை நேரம், இடம், பதவி, சம்பளம் ஆகியவற்றில் எது மாறப்போகிறது என்று பேராசிரியர் வாய்வழியாகச் சொன்னாலும், அதைச் சர்வதேச அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகே மாற்றத்துக்கு உடன்பட வேண்டும்.